ஒட்டுவதா, விதைப்பதா, எண்ணுவதா?

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் பினாங்கு ஜெலுத்தோங்கிலிருந்து வந்திருந்தாள். கையில் ஒரே ஒரு தாள், அதில் மூன்று தலைப்பு. கடல் உயிரியலில் மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்கிறாள், இரண்டு வருடப் படிப்பு. மூன்றில் எது என்று மாதக் கடைசிக்குள் மேற்பார்வையாளரிடம் சொல்லியாக வேண்டும். "சின்னம்மா, நீங்க இதைத்தானே படிச்சீங்க, எதை எடுக்கட்டும்?"

மூன்றும் பவளப்பாறை அடிபட்ட பிறகு எப்படித் தேறுகிறது என்பதைப் பற்றியவைதான். முதலாவது, உயிருள்ள பவளத்தைத் துண்டு துண்டாக வெட்டிச் சட்டத்தில் கட்டி வளர்த்துப் பாறையில் ஒட்டுவது. இரண்டாவது, பவளம் முட்டை விடும் இரவில் அதை அள்ளி வந்து, அதிலிருந்து வரும் மிதக்கும் குஞ்சை, அதாவது லார்வாவை வளர்த்து, பாறைமேல் விதைப்பது. மூன்றாவது, ஒட்டவும் வேண்டாம், விதைக்கவும் வேண்டாம். கடலில் டைல் வைத்து, தானாக எத்தனை பவளக் குஞ்சு வந்து ஒட்டுகிறது என்று எண்ணுவது.

அவளுக்கு மனசு இரண்டாவதில். அவள் அம்மாவுக்கு முதலாவதில். "படம் எடுத்தா அழகா இருக்கும், ஸ்காலர்ஷிப் கொடுக்கிறவனுக்கும் உடனே புரியும்" என்கிறாள் அக்கா. அது தப்பென்று சொல்ல முடியாது. மூன்றாவதை இருவருமே கழித்துவிட்டார்கள். நான் அதைத்தான் எடுக்கச் சொன்னேன். ஏன் என்று அன்றைக்குப் பேசியதை இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

பவளம் செடி மாதிரி தெரியும் பிராணி. பாலிப் என்கிற குட்டி உடல்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்து சுண்ணாம்புக் கூடு கட்டிக்கொள்ளும். அதுதான் ஒரு காலனி. இனம் பெருக்குவதில் அது நம் கொல்லை முருங்கைக்கு உறவு. கொப்பை ஒடித்து நட்டாலும் பிடிக்கும், விதையிலும் வரும். கொப்பில் வருவது அதே தாய் மரம். விதையில் வருவது இதுவரை உலகத்தில் இல்லாத புது ஆள். இந்த ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொண்டால் மூன்று தலைப்பையும் எடைபோட்டுவிடலாம்.

ஒட்டுவது

பன்னிரண்டு வருடத்துக்கு முன் நான் எடுத்தது இதுதான். தீபகற்ப மலேசியாவின் கிழக்குக் கரைத் தீவு ஒன்றில், ஆறு மீட்டர் ஆழத்தில், பிவிசி குழாயில் சட்டம் கட்டினேன். மான்கொம்பு மாதிரிக் கிளைவிடும் அக்ரோபோரா என்ற பவளத்தை விரல் நீளத்துக்கு வெட்டி, கேபிள் டை போட்டு இறுக்கினேன். சரியாக இறுக்காவிட்டால் துண்டு அலையில் ஆடும். ஆடுகிற துண்டு பிடிக்காது. இறுக்கியது ஓரிரு மாதத்தில் டையின் மேலேயே சதை ஏற்றி மூடிவிடும். அந்தப் பழுப்புச் சதை வெள்ளைப் பிளாஸ்டிக்கை மெல்ல விழுங்குவதைப் பார்க்கிற சுகம் தனி. ஒவ்வொரு மாதமும் காலிப்பர் வைத்து அளந்தேன், கோடு மேலே போனது, ஆய்வேடு முடிந்தது.

மூன்று வருடம் கழித்து சும்மா டைவ் போனபோது போய்ப் பார்த்தேன். ஒரு சட்டம் குப்புறக் கிடந்தது. இன்னொன்றில் கிளைகள் முழங்கை நீளத்துக்கு வளர்ந்து, உள்ளே குட்டி மீன்கள் குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தன. சந்தோஷமாகத்தான் இருந்தது. படகில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது: நான் வெட்டியதெல்லாம் நான்கே நான்கு காலனியிலிருந்து. படகு கட்டும் இடத்துக்குப் பக்கத்தில் அவை இருந்தன, அவ்வளவுதான் காரணம். அக்ரோபோராவில் ஒவ்வொரு காலனியும் ஆணும் பெண்ணுமாக இருக்கும். ஆனாலும் தன் விந்தால் தன் முட்டை கருவாவது மிக அரிது. ஒரே தாயின் துண்டுகள் எத்தனை இருந்தாலும் கணக்குக்கு ஒன்றுதான். தோப்பு என்று நினைத்து நான் நட்டது நாலு மரம்.

இது என் ஒருத்தியின் அசட்டுத்தனம் மட்டும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. உலகம் முழுக்க நடந்த பவள மீட்புத் திட்டங்களைத் தொகுத்து 2020-ல் ஓர் ஆய்வு வந்தது. நட்ட பவளத்தில் சராசரியாக 60 முதல் 70 விழுக்காடு பிழைக்கிறது என்றது அது. கேட்க நன்றாக இருக்கிறது. அடுத்த வரியில், திட்டங்களில் 60 விழுக்காடு பதினெட்டு மாதத்துக்கும் குறைவாகத்தான் கண்காணிக்கப்பட்டன என்றது. அதாவது என்னைப் போலவே பலரும் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டுக் கரையேறியிருக்கிறார்கள்.

வெப்பம் வந்தால் இந்தத் தோப்பு என்னாகும் என்பதை ஃபுளோரிடா காட்டியது. 2023 ஜூலை வெப்ப அலையில், சொம்ப்ரெரோ பாறையில் வருடக்கணக்காக நட்டு வளர்த்த பவளம் எல்லாம் செத்தது. நீரின் வெப்பம் அந்த இடத்தின் வழக்கமான கோடை உச்சத்தைவிட ஒரு டிகிரி கூடி, வாரக்கணக்கில் அப்படியே நின்றாலே போதும். பவளம் தனக்குச் சோறு போடும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். வெளுத்தது உடனே சாவதில்லை. தணிவு சீக்கிரம் வந்தால் தேறும், வராவிட்டால் பட்டினியில் போகும்.

அதற்காக ஒட்டுவதே வீண் என்று நான் சொல்லமாட்டேன். இந்தோனேசியாவின் சுலாவெசியில் மீன்பிடி வெடிகளால் பாறை நொறுங்கி வெறும் சல்லியாகக் கிடந்த இடங்களில், மணல் பூசிய ஆறுகால் இரும்புச் சட்டங்களைப் பாய் மாதிரி பின்னிப் பரப்பி, துண்டுகளைக் கட்டினார்கள். நான்கே வருடத்தில் அந்தப் பாறையின் சுண்ணாம்பு வளர்ச்சி, பக்கத்து ஆரோக்கியமான பாறையை எட்டிவிட்டதாக 2024-ல் வந்த ஆய்வு சொல்கிறது. அங்கே வேலையில் பாதியைச் செய்தது சட்டம். புரண்டுகொண்டே இருந்த சல்லியை அது பிடித்து நிறுத்தியது. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மூன்றாவது தலைப்புக்கு வரும்போது தேவைப்படும்.

மாணவிக்கு இதில் உள்ள லாபம் வெளிப்படையானது. எந்த மாதமும் தொடங்கலாம், எந்த மாதமும் அளக்கலாம், ஆய்வேடு நிச்சயம். குறை, புதிதாக ஒன்றும் சொல்லமுடியாமல் போகலாம். விரல் நீளத் துண்டு எவ்வளவு வளரும் என்று சொல்ல உலகத்தில் ஆள் நிறைய இருக்கிறார்கள்.

விதைப்பது

அக்கா மகளின் ஆசை புரியாமல் இல்லை. 1981-ல் ஆஸ்திரேலியாவின் ஜேம்ஸ் குக் பல்கலைக்கழக ஆய்வு மாணவர்கள் சிலர் இரவு டைவில்தான் அதைப் பார்த்தார்கள்: பெருந்தடுப்புப் பவளத்திட்டில் (கிரேட் பேரியர் ரீஃப்) பல இனப் பவளங்கள் ஒரே சில இரவுகளில் சொல்லிவைத்த மாதிரி முட்டை விட்டன. அதுவரை பவளம் வயிற்றுக்குள்ளேயே குஞ்சு பொரித்து அனுப்பும் என்றுதான் பெரும்பாலான புத்தகங்கள் சொல்லின. மாணவர்கள் புத்தகத்தைத் திருத்தினார்கள். இருபத்துமூன்று வயசுப் பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும்?

நம் பக்கத்தில் பருவம் வேறு. சிங்கப்பூரில் மார்ச் கடைசி அல்லது ஏப்ரலில், பௌர்ணமி கழிந்த மூன்றாம் இரவிலிருந்து ஐந்தாம் இரவுக்குள் நடப்பதை 2002-லேயே பதிவு செய்துவிட்டார்கள். மலேசியாவின் தென்சீனக் கடல் தீவுகளில் பல இனம் சேர்ந்து முட்டை விடுவதைச் சொன்ன முதல் கட்டுரை 2015-ல் வந்தது. முதல் ஆசிரியர், பவளப்பாறைகளைக் கண்காணிக்கும் ரீஃப் செக் மலேசியா அமைப்பின் ஆல்வின் செல்லையா. பெயரைப் பார்த்ததும் அக்கா மகள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். அங்கேயும் பெரிய பருவம் ஏப்ரல்தான். நம் கணக்கில் சொன்னால், சில வருடம் பங்குனிப் பௌர்ணமி, சில வருடம் சித்திரைப் பௌர்ணமி. மாசி மகத்துக்குத் தெலுக் பகாங் கடலில் நாம் விளக்கேற்றித் தெப்பம் விடுகிறோம். அதற்கு ஒன்றிரண்டு பௌர்ணமி கழித்து, தீபகற்பத்தின் மறுபக்கக் கடலில் பவளம் தன் பங்குக்கு மிதக்கவிடுகிறது.

நான் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன், அதுவும் இன்னொருவர் ஆய்வுக்கு உதவியாளாகப் போய். பகலில் ஒரு கிளையை நுனிக்குக் கொஞ்சம் கீழே ஒடித்துப் பார்ப்போம். உள்ளே முட்டை இளஞ்சிவப்பாக இருந்தால் இந்தப் பௌர்ணமி. வெள்ளையாக இருந்தால் இப்போதைக்கு இல்லை. இரவில் சிவப்பு டார்ச்தான். வெள்ளை வெளிச்சம் அடித்தால் அதற்கு ஒழுங்கு கெடும். ஒன்றும் நடக்காமல் முக்கால் மணி நேரம். பிறகு ஒவ்வொரு பாலிப் வாயிலும் ஒரு மணி வந்து முட்டிக்கொண்டு நின்றது, கடுகு அளவில். அப்படியே பிடித்துவைத்திருந்தது. திடீரென்று ஒரு மூலையிலிருந்து விட ஆரம்பித்தது, பார்க்கும்போதே காலனி முழுக்க. பனி கீழிருந்து மேலே பெய்கிற மாதிரி. மேலே வந்து முகமூடியைக் கழற்றினால் நீர்மேல் எண்ணெய்ப் பசையோடு இளஞ்சிவப்புப் படலம், மூக்கில் பச்சை மீன் வாடை. அந்த வாடையை முடியிலிருந்து போக்க இரண்டு நாள் ஆயிற்று.

அந்த மணி ஒவ்வொன்றும் முட்டையும் விந்தும் சேர்ந்த பொட்டலம். மேலே போய் உடைந்து, வேறு காலனியின் பொட்டலத்தோடு கலந்தால்தான் கரு. கருவான லார்வா நாலைந்து நாள் மிதந்து, பிறகு இறங்க இடம் தேடும். கடலில் இது பெரும் சூதாட்டம். பலாவ் தீவில் அக்ரோபோரா காலனிகளை அளந்து 2024-ல் சொன்னார்கள்: அரை மீட்டருக்குள் நெருங்கி இருந்தால் சுமார் 30 விழுக்காடு முட்டை கருவாகிறது; பத்து மீட்டர் இடைவெளியில் அது 10 விழுக்காட்டுக்கும் கீழே; இருபது மீட்டர் என்றால் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. வெளுப்பில் பாதிப் பாறை செத்தபின் மிச்சம் நிற்பவை முட்டை விட்டாலும் பலன் குறைவதற்கு இதுவே போதும். அதனால்தான் மனிதர் வலை கட்டிப் பொட்டலங்களைப் பிடித்து, தொட்டியில் கலந்து, லார்வாவைப் பாறைமேல் விடுகிறார்கள். பிலிப்பைன்ஸின் போலினாவோவில், வெடியால் பாழான பாறையில் 2013-ல் இப்படி விட்ட அக்ரோபோரா மூன்றே வருடத்தில் தானே முட்டை விடும் பருவத்துக்கு வந்துவிட்டது.

வெப்பத்தைத் தாங்குவதற்கும் விதை வழிதான் நம்பிக்கை தருகிறது. பெருந்தடுப்புத் திட்டின் வடக்கே, வெதுவெதுப்பான நீரில் வாழும் பெற்றோரைத் தெற்கத்தியவற்றோடு சேர்த்துப் பார்த்தார்கள். வடக்கத்திப் பெற்றோருக்குப் பிறந்த லார்வா வெப்பத்தில் பிழைக்கும் வாய்ப்பு பத்து மடங்குவரை கூடியதாக 2015-ல் வந்த கட்டுரை சொல்கிறது. ஒட்டு முறையில் இந்தக் கலப்புக்கே இடமில்லை. 2024 ஏப்ரலில் நான்காவது உலகளாவிய வெளுப்பை அறிவித்தார்கள். முதலாவது 1998, அடுத்தது 2010. மூன்றாவது 2014-ல் தொடங்கி 2017 வரை நீண்டது. இப்படித் திரும்பத் திரும்ப வெளுக்கும் கடலில், பழைய ஆட்களையே நகல் எடுத்து நடுவதில் எனக்குத் தயக்கம் உண்டு.

அப்படியானால் இரண்டாவதுதானே சரி? பாறைக்குச் சரி. இவளுக்கு, இந்த இரண்டு வருடத்துக்கு, நான் பயப்படுகிறேன். இரண்டு வருடம் என்றால் இரண்டு ஏப்ரல். முதல் ஏப்ரலில் அனுமதிக் கடிதம் வந்து சேர்ந்திருக்குமா என்பதே சந்தேகம். கடல் பூங்காவில் ஆய்வு என்றால் மீன்வளத் துறையில் விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டும். மிச்சம் ஒரே ஏப்ரல். அந்த வருடம் பௌர்ணமி மாத ஆரம்பத்திலேயே வந்துவிட்டால் பவளம் இரண்டாகப் பிரிந்து, பாதி இந்த மாதமும் பாதி அடுத்த மாதமும் விடும். நீ எந்தப் பாதிக்குப் படகு பேசியிருக்கிறாய்? அக்டோபரில் சின்னதாக இன்னொரு பருவம் உண்டு. அதை நம்பலாம் என்றால் வாசலிலேயே வடகிழக்குப் பருவமழை நிற்கிறது. எல்லாம் கூடிவந்து தொட்டியில் லார்வா நிறைந்தபிறகும், ஒரு ராத்திரி காற்று பம்ப் நின்றால் போச்சு. எனக்குத் தெரிந்த ஒரு பையன், இங்கே படித்தவன் இல்லை, மூன்றாம் நாள் காலையில் தொட்டியைத் திறந்து பார்த்துவிட்டு மேஜைமேல் தலை வைத்துப் படுத்தவன் மதியம்வரை எழவில்லை. ஒரு வருடம் தள்ளிப்போயிற்று அவனுக்கு.

எண்ணுவது

மூன்றாவதற்கு அழகு கிடையாது. பளபளப்புப் பூசாத சுட்டமண் டைல், நடுவில் ஓட்டை, ஒரு போல்ட், பாறையில் ஓர் ஆணி. அடிப்பக்கம் சொரசொரப்பாக, பாறையிலிருந்து விரல்கடை இடைவெளி விட்டு. குஞ்சுகள் பெரும்பாலும் வெயிலும் வண்டலும் படாத அடிப்பக்கத்தையும் ஓரத்தையும்தான் தேடிப் பிடிக்கும். பருவத்துக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே இறக்கிவிட வேண்டும். புது டைலை லார்வா சீந்தாது. மேலே நுண்ணுயிர்ப் படலமும் இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாசியும் படர்ந்தால்தான் "இங்கே இறங்கலாம்" என்று அதற்குத் தோன்றும். சில மாதம் கழித்து எடுத்து, துணி வெளுக்கும் குளோராக்ஸில் ஓர் இரவு ஊறவைத்தால் சதையும் பாசியும் கரைந்து எலும்பு மட்டும் மிஞ்சும். நுண்ணோக்கியில் பார்த்தால் ஒரு மில்லிமீட்டர் அகலத்தில் வெள்ளைப் பூ, உள்ளே சக்கரக் கம்பி மாதிரித் தடுப்புச் சுவர்கள். அக்ரோபோராவா, போசிலோபோராவா, போரைட்டிஸா என்று குடும்பம்வரை பிரித்துவிடலாம். அதற்குமேல் இந்த வயசில் அது முகம் காட்டாது.

கழுத்து வலிக்கும் வேலை. ஆனால் மற்ற இரண்டு தலைப்பும் கேட்க மறந்த கேள்வியை இதுதான் கேட்கிறது: இந்தப் பாறைக்குக் குறைந்தது என்ன?

மூன்று இடங்களைப் பாருங்கள். மேற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்காட் பாறை, மற்ற பாறைகளிலிருந்து 250 கிலோமீட்டருக்கு அப்பால் தனியாகக் கிடப்பது. 1998 வெளுப்பில் பவளப் பரப்பு பத்து விழுக்காட்டுக்கும் கீழே போயிற்று. வெளியிலிருந்து லார்வா வர வழியில்லை, முடிந்தது கதை என்று நினைத்தார்கள். பன்னிரண்டு வருடத்தில் 44 விழுக்காட்டுக்கு ஏறியது. யாரும் ஒன்றும் நடவில்லை. நீர் சுத்தமாக இருந்தது, பாசி மேயும் மீனை யாரும் அள்ளவில்லை, பிழைத்த சிலவற்றின் பிள்ளைகளே போதுமானதாக இருந்தது.

அடுத்தது இந்தோனேசியாவின் கொமோடோ. வெடிமீன்பிடியால் சல்லியான இடங்களில் லார்வா வரத்து நன்றாகவே இருந்ததை 2003-ல் வந்த ஆய்வு காட்டியது. வந்தன, ஒட்டின, அலையில் சல்லி புரண்டது, நசுங்கின. அங்கே தொட்டித் தொட்டியாக லார்வா கொண்டுபோய் ஊற்றினாலும் வீண்தான். வேண்டியது சுலாவெசிச் சட்டம்.

மூன்றாவது பெருந்தடுப்புத் திட்டே. 2016-லும் 2017-லும் அடுத்தடுத்து வெளுத்தபின், 2018-ல் வந்து ஒட்டிய குஞ்சுகள் பழைய சராசரியைவிட 89 விழுக்காடு குறைவு. தாய்கள் செத்தன, பிள்ளைகள் இல்லை. விதைப்புக்கு அர்த்தம் இருக்கிற இடம் இது. அந்த 89 எப்படிக் கிடைத்தது? இதே மாதிரி அழகில்லாத பலகைகளைக் கடலில் வைத்து, எடுத்து, எண்ணி.

ஆக ஒட்டுவதும் விதைப்பதும் மருந்து. எண்ணுவது ரத்தப் பரிசோதனை. நான் நாலு காலனியை வெட்டி நட்ட இடத்தில் குஞ்சு தானாக வந்துகொண்டிருந்ததா இல்லையா என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது. யாரும் கேட்கவும் இல்லை. ஹெக்டேர் ஒன்றை மீட்க ஆகும் செலவில், திட்டங்களை வரிசையாக வைத்தால் நடுவில் நிற்பது சுமார் 4 லட்சம் அமெரிக்க டாலர். அந்தக் காசைக் கடலில் இறக்கும் முன் ஒரு பெட்டி டைல் இறக்கலாம்.

இடத்தையும் சொல்லிவிடுகிறேன். பினாங்குக் கரை கலங்கல். கெண்டித் தீவுப் பக்கம் பவளம் உண்டுதான், டைவ் போனால் பாதி நாள் கையே தெரியாது. பாயார் தீவு நமக்கும் லங்காவிக்கும் நடுவே இருக்கிறது, 1994 முதல் கடல் பூங்கா. கிழக்குக் கரை மாதிரி நவம்பரில் கதவடைக்காது. அங்கே இரண்டு மாதத்துக்கு ஒருமுறை டைலை மாற்றி மாற்றி வைத்தால், ஓர் இரவுகூடக் கடலில் காத்திருக்காமல், எந்த இரண்டு மாதத்தில் குஞ்சு வந்து இறங்குகிறது என்று டைலே சொல்லிவிடும். முதல் வருடம் ஏதாவது சொதப்பினாலும் இரண்டாவது வருடம் முழுசாக மிஞ்சும். எண்ணி எண்ணிப் பூஜ்யம் வந்தாலும் அது ஆய்வேடுதான். தொட்டியில் செத்த லார்வாவுக்கு அந்த மரியாதை கிடையாது.

"அப்போ நான் ஸ்பானிங் பார்க்கவே மாட்டேனா?" என்றாள், பவளம் முட்டை விடுவதைத்தான் சொல்கிறாள். பார்க்கலாம். இரண்டாவது ஏப்ரலில் யார் கிழக்குக் கரைக்குப் போகிறார்களோ அவர்களோடு வாளி தூக்கப் போ என்றேன். வலை கட்டவும் இரவில் விழித்திருக்கவும் ஆள் போதாமல்தான் எப்போதும் இருப்பார்கள். அக்காவுக்குத்தான் இன்னும் மனசு ஒப்பவில்லை. "டைலை எண்ணுறதுக்கா இவ்வளவு படிக்க வைச்சேன்" என்று சமையலறையிலிருந்து குரல் வந்தது.

நேற்று மாலை அக்கா மகள் போன் செய்தாள். ஹார்ட்வேர் கடைக்குப் போனாளாம். பளபளப்பு இல்லாத சுட்டமண் டைல், பத்து சென்டிமீட்டர் சதுரம், பின்பக்கம் நல்ல சொரசொரப்பாக வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கடைக்காரர் மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பாத்ரூமுக்கா? வழுக்காம இருக்கவா?" என்றாராம்.

"இல்லை அங்கிள், ஒட்டிக்கிறதுக்கு" என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.